குறுவை வைக்கோலைப் பார்த்து இயந்திரம் வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைக்கோல் கட்டும் இயந்திரங்களுக்கு மானியம் வழங்கப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். யாருக்கு எத்தனை விழுக்காடு, மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தன. ஆனால் எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. மன்னார்குடி வட்டத்தில் ஆறு ஏக்கர் நெல்லும் ஒன்பது கறவை மாடுகளும் வைத்திருப்பவன் நான். எங்கள் ஊர் உழவர் குழுவுக்கு இயந்திரம் பார்ப்பதற்காக இரண்டு ஆண்டுகள் அலைந்தவனும் கூட. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

டெல்டாவில் இன்று வைக்கோல் கட்டு என்றால், டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய பேலர் உருட்டிப் போடும் கட்டுதான். இரண்டடி விட்டம், மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம், காய்ந்த வைக்கோலாக இருந்தால் 15 முதல் 25 கிலோ எடை. 35 குதிரைத்திறன் டிராக்டரே அதை இழுத்துவிடும்; ஓர் ஆள் தலைச்சுமையாகத் தூக்கி லாரியில் எறிந்துவிடலாம். எங்கள் பகுதியில் கடைசியாக நான் கொடுத்த கூலி கட்டுக்கு 35 ரூபாய். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்தபின் இந்தக் கட்டுகள் கேரளத்துக்கும் கொங்கு மாவட்டங்களுக்கும் லாரி லாரியாகப் போவதைச் சாலையில் செல்லும் எவரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பருவத்துக்கு அந்த இயந்திரம் போதும். அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

குறை, ஆண்டின் முதல் நெல் போகமான குறுவையில்தான் தொடங்குகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, நூறு நூற்றுப்பத்து நாள் ரகத்தை நட்டால், அறுவடை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் வழக்கமாக அக்டோபர் இருபது தேதியை ஒட்டித்தான். ஈரமான வயலில் டயரில் ஓடும் அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் இறங்கும். அது நெல் தாளை நன்றாக அடித்து நசுக்கிப் பின்னால் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகும். பச்சை மாறாத அந்த வைக்கோலில் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டு நாள் வெயில் கிடைத்தால் பிழைத்தது; கிடைக்காவிட்டால் வயலிலேயே கறுத்துப் போகும். மாட்டுக்குத் தீவனம் மிகவும் தேவைப்படுகிற ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்னால் கைக்கு வரும் வைக்கோல் இது ஒன்றுதான். இதைத்தான் நாங்கள் ஆண்டுதோறும் மடக்கி உழுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்படி வீணாக்க மனமில்லாமல், ஒரு குறுவையில் மழைக்கு முந்திவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, அறுத்த மறுநாளே பேலரை வரவழைத்துக் கட்டினேன். ஓட்டுநர் இறங்கி, வைக்கோலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு, ஆனா மெஷின் சுத்திடும்ணே” என்றார். மெஷின் சுற்றத்தான் செய்தது. வழக்கமாக ஒற்றைக் கையால் புரட்டும் கட்டை இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. 110 கட்டுகளைக் கொட்டகையில் ஐந்து வரிசை உயரத்துக்கு அடுக்கினோம். எட்டாம் நாள் காலையில் பால் கறக்கப் போனபோது கொட்டகையில் புகையிலைக் கிடங்கின் வாடை அடித்தது. நடுவரிசைக் கட்டு ஒன்றினுள் கையை நுழைத்தேன். மணிக்கட்டுவரை போனதும் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டேன். பிரித்துப் போட்டதில் நடுப்பகுதி பழுப்பேறி, அதைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவியது போலப் படர்ந்திருந்தது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அன்று நாள் முழுக்கக் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டோம். விட்டிருந்தால் கொட்டகையே தீப்பிடித்திருக்கும். தவறு ஓட்டுநருடையதோ இயந்திரத்தினுடையதோ அன்று. காய்ந்த வைக்கோலுக்கென்று செய்யப்பட்ட ஒன்றை ஈர வைக்கோலில் இறக்கியவன் நான்தான்.

ஈரம் 15 விழுக்காட்டுக்கு உள்ளே இருந்தால் கட்டி அடுக்கலாம். 20-ஐத் தாண்டினால் கட்டு சூடேறும். ஈரமானி எல்லாரிடமும் இராது. ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்துப் பிரி முறுக்குவது போல் முறுக்கிப் பார்த்தால், மூன்று நான்கு முறுக்கில் மொடமொடவென்று ஒடிகிறதா, ஒடியாமல் கயிறாகத் திரள்கிறதா என்பது தெரிந்துவிடும். திரண்டால் அன்றைக்குக் கட்டக் கூடாது. என் தாத்தா காலத்தில் வைக்கோல்போர் போடும் முன் இதைத்தான் செய்தார்கள். போரின் மேற்புறத்தை மழைநீர் வழிந்தோடும்படி கூரை வேய்வது போல் படிய வைப்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உருளைக் கட்டு செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான்.

சரி, முறுக்கினால் திரளும் வைக்கோலை என்ன செய்வது? நெல் விளையும், மழையும் பெய்யும் வேறு நாடுகள் இதற்கு விடை கண்டிருக்கின்றன. தென்கொரியாவில் அறுவடை முடிந்த வயல்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருளைகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, அங்குள்ள மக்கள் அவற்றை டைனோசர் முட்டை என்று வேடிக்கையாக அழைப்பார்கள். அவ்வளவும் ஈரத்தோடு கட்டிக் காற்றுப் புகாமல் சுற்றிய நெல் வைக்கோல். ஜப்பானில் இன்னும் ஒருபடி மேலே போய், மாட்டுக்கென்றே விளைவித்த நெற்பயிரைக் கதிரோடு அறுத்து அதே வகையில் சுற்றுகிறார்கள். சேற்று வயலுக்கென்று பெல்ட் தடத்தில் ஓடும் கட்டு இயந்திரங்களும், கட்டின் மேல் பிளாஸ்டிக் சுற்றும் சுற்று இயந்திரங்களும் அவர்களிடம் உண்டு. காற்று இல்லாத இடத்தில் பூஞ்சணம் வளராது, புளிப்பு மட்டுமே ஏறும் என்பதுதான் இதன் அடிப்படை. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் கணக்கும் இதுவே. இப்படிப் புளிக்க வைத்த தீவனமான சீலேஜுக்கு ஊறுகாய்ப்புல் என்று கால்நடை மருத்துவர்கள் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

இங்கேதான் எங்கள் குழு முதலில் சறுக்கப் பார்த்தது. இருக்கிற சிறிய பேலரோடு ஒரு சுற்று இயந்திரத்தை மட்டும் வாங்கிவிட்டால் போதும் என்று விற்பனையாளர் ஒருவர் சொன்னார். விலையும் குறைவாக இருந்ததால் பலருக்கும் அது பிடித்துவிட்டது. நான் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கட்டின் கொள்ளளவு 0.28 கன மீட்டர். அதன் மேற்பரப்பு 2.45 சதுர மீட்டர். ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கட்டுக்குக் கொள்ளளவு 0.78, மேற்பரப்பு 4.7. அதாவது ஒரே அளவு வைக்கோலைப் பொதிய, சிறிய கட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிளாஸ்டிக் செலவாகும். பணம் ஒருபுறம் இருக்கட்டும். சிறிய பேலர் வைக்கோலைத் தளர்வாகச் சுருட்டுவதால் கட்டினுள் காற்று தங்கிவிடும். உள்ளே காற்றை வைத்துக்கொண்டு வெளியே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பூஞ்சணத்துக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்த மாதிரிதான். கொங்குப் பகுதியில் மக்காச்சோளத்தைப் பொடியாக நறுக்கி, ஓரிடத்தில் நிறுத்திவைத்த இயந்திரத்தில் அழுத்தி, 50 கிலோவுக்குக் குறையாத சிறு உருளைகளாகச் சுற்றி விற்கிறார்களே என்று கேட்பார்கள். அது நன்றாக இருக்கக் காரணம் நறுக்கிய பொடி இறுகப் படிவதும், மக்காச்சோளத்தில் சர்க்கரை இருப்பதும்தான். நறுக்காத நெல் தாளுக்கு இரண்டுமே இல்லை.

அதற்காக நேர்எதிராகப் போய், நான்கு அடி விட்டத்துக்குக் கட்டும் பெரிய பேலரை வாங்கிவிடுவதும் சரியன்று. ஈர வைக்கோலில் அந்தக் கட்டு அரை டன்னை எட்டும். தூக்க டிராக்டரில் லோடர் வேண்டும். இழுக்க 50, 60 குதிரைத்திறன் வேண்டும். அந்தப் பாரத்தோடு குறுவை வயலில் இறங்கினால் அடுத்துத் தாளடி நட வேண்டிய மண்ணில் முழங்கால் பள்ளம் விழும். இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்தாலும் ஒரு தடை மிஞ்சுகிறது. சுற்றிய கட்டை ஒருமுறை பிரித்துவிட்டால் நம் ஊர் வெப்பத்தில் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் புளித்த தீவனம் மறுபடி சூடேறும். என்னுடைய ஒன்பது மாடுகளும் நாளுக்குப் பத்துக் கிலோ வீதம் தின்றால் 90 கிலோ. அரை டன் கட்டு ஐந்தரை நாள் கிடக்கும். கடைசி இரண்டரை நாளைக்குரியது குப்பைக்குழிக்குத்தான் போகும். ஒரு மீட்டர் விட்டக் கட்டு ஈரத்தோடு 250 முதல் 300 கிலோ இருக்கும். மூன்றே நாளில் தீரும். ஆக, கட்டின் அளவைத் தீர்மானிப்பது தொழுவத்தில் நிற்கும் மாடுகளின் எண்ணிக்கைதான். இந்தக் கேள்வியை என்னிடம் எந்த விற்பனையாளரும் கேட்கவில்லை; எத்தனை ஏக்கர், என்ன டிராக்டர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கட்டும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருளைக் கட்டு இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அறையைச் சுற்றி இரும்பு உருளைகள் நிலையாக இருக்கும். வைக்கோல் அறை நிறையும் வரை தளர்வாகப் புரண்டு, நிறைந்த பிறகுதான் வெளிப்புறத்திலிருந்து இறுகும். மற்றதில் அகலமான பெல்ட்டுகள் தொடக்கத்திலிருந்தே அழுத்தியபடி விரிந்துகொடுக்கும். நடுவும் கெட்டியாக இருக்கும். ஏட்டில் பார்த்தால் ஈர வைக்கோலுக்கு இரண்டாவதே மேல். ஆனால் களிமண் ஒட்டிய தாள் அந்தப் பெல்ட்டுகளுக்கு இடையே புகுந்து செய்யும் அழிச்சாட்டியத்தை நினைத்தால், பழுது பார்க்க எளிதான முதல் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். நடுத் தளர்ச்சியைக் குறைக்க, உள்ளே போகும் வைக்கோலை வெட்டித் தரும் கத்திகள் பொருத்திய மாதிரியாகக் கேட்பேன். தாளை அள்ளும் பற்களின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மண்ணைச் சேர்த்து அள்ளிய கட்டு எத்தனை நன்றாகச் சுற்றினாலும் அழுகும்.

கட்டைப் பிடித்து நிறுத்த நூலா, வலையா என்பதிலும் குழப்பம் வேண்டியதில்லை. காய்ந்த வைக்கோலுக்கு நூல் போதும். அதுவும் சணலாக இருப்பது நல்லது. நைலான் நூல் துண்டுகள் தொட்டிக்குள் போய், மாட்டின் வயிற்றில் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுற்றப் போகும் கட்டுக்கு வலைதான் சரி. இரண்டு மூன்று சுற்றிலேயே கட்டு நிற்கும். மேற்பரப்பு வழவழப்பாக அமைவதால் பிளாஸ்டிக் ஒட்டிப் படியும். குத்திட்டு நிற்கும் தாள் முனைகளும் குறையும்.

சுற்றும் இயந்திரத்தில் ஏமாறுவதற்கு இடம் அதிகம். பிளாஸ்டிக் 25 மைக்ரான் தடிமனுள்ள இழுபடும் படலம். வெள்ளை நிறமானால் வெயிலைத் திருப்பி அனுப்பும். இயந்திரம் அதை 55 முதல் 70 விழுக்காடு வரை இழுத்து நீட்டிச் சுற்ற வேண்டும். குறைவாக இழுத்தால் தொளதொளவென்று இருக்கும். கூடுதலாக இழுத்தால் தாள் குத்தும் இடத்தில் கிழியும். இதைச் சரிபார்க்கப் பொறியாளர் தேவையில்லை. சுருளில் இருக்கும்போதே படலத்தின் மேல் பேனாவால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டுவிட்டு, கட்டில் ஏறியபின் அளந்தால் பதினைந்தரையிலிருந்து 17-க்குள் இருக்க வேண்டும். நான் பார்க்கப் போன ஓர் இயந்திரத்தில் 12 கூட வரவில்லை. கியர் பல் தேய்ந்திருப்பதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நெல் தாளுக்கு ஆறு அடுக்குக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். கட்டிய அன்றே சுற்றிவிட வேண்டும். வயலில் சுற்றி, பிறகு கரடுமுரடாக ஏற்றி இறக்கினால் ஓட்டை விழும் என்பதால், கட்டை வீட்டருகே கொண்டுவந்து அடுக்கும் இடத்திலேயே சுற்றுவது மேல். சுற்றிய கட்டைத் தட்டையான பக்கத்தின் மேல் நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் அடுக்குகள் அதிகம். டெல்டா எலிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை சுற்றிவந்து, காக்கை கொத்திய இடத்தையும் எலி கடித்த இடத்தையும் டேப் ஒட்டி அடைக்க ஆள் இல்லாத வீட்டில் இந்த வேலையையே தொடங்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுற்றுவதால் வைக்கோல் பசுந்தீவனம் ஆகிவிடாது. நெல் வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு விழுக்காடுதான். புளிக்க வைக்கும் நுண்ணுயிர் தின்னச் சர்க்கரையும் குறைவு. கொரியாவில் அதற்கென்றே லாக்டிக் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்துக் கட்டுகிறார்கள். நமக்குத் தெரிந்த வழி யூரியா: 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் மண் அணைத்து நாம் படும் பாட்டை, சுற்றிய கட்டு ஒரே வீச்சில் தீர்த்துவிடும். ஈர வைக்கோலில் யூரியா சேர்ப்பதானால் அதன் காய்ந்த எடையைக் கணித்துத்தான் அளக்க வேண்டும். பிரித்த கட்டை நெடி போகும்வரை ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

இத்தனை செலவையும் கவனத்தையும் தனி ஒரு விவசாயி ஏற்பது முடியாத காரியம். ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் மானியம் என்றாலும், மீதிப் பணத்தைச் சம்பாதிக்கக் குறுவையில் கிடைக்கும் வேலை நாட்கள் இருபது இருபத்தைந்துதான். சிறிய பேலரைத் தனியாள் வாங்கட்டும். தை மாதத்தில் அது வட்டி கட்டிவிடும். ஒரு மீட்டர் பேலரும் சுற்று இயந்திரமும் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கோ, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மையத்துக்கோ உரியவை. அந்தத் துறையின் இ-வாடகை செயலியில் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் முன்பதிவு செய்வது போல, இந்த இரண்டையும் ஒரே தொகுப்பாக, ஒரே நாளுக்குப் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும். பேலர் திங்கட்கிழமையும் சுற்று இயந்திரம் புதன்கிழமையும் வந்தால் என் கொட்டகைக் கதைதான் நடக்கும்.

துறையினரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. செயல்விளக்கங்கள் எல்லாம் எங்கள் பகுதியில் தை, மாசியில், காய்ந்து வெடித்த வயலில் நடக்கின்றன. அந்த வெயிலில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அக்டோபரில் தலையில் கை வைக்கிறார்கள். மானியப் பட்டியலில் சேர விரும்பும் நிறுவனங்கள் குறுவை அறுத்த மறுநாள் ஈர வயலில் இறங்கி ஓட்டிக் காட்ட வேண்டும். சுற்றிய கட்டை நாற்பது நாள் கழித்து, வாங்கப் போகிறவர்கள் முன்னிலையில் பிரித்துக் காட்ட வேண்டும். வரும் குறுவையில் அதற்கு இடம் தேவைப்பட்டால் என் வயலில் மூன்று மா நிலத்தை, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கரை, தாள் மடக்காமல் விட்டுவைக்க நான் தயார். கூலி வேண்டாம்; சுற்றிய கட்டுகள் என் கொட்டகையிலேயே இருக்கட்டும், பிரிக்கிற அன்று மாடுகளும் அங்கேயே நிற்கும்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்துக் கறவை மாட்டு விவசாயி